இரண்டு ஆள் ரயில்

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று சம்பந்தி வீட்டு ஷெட்டில் மாடல் ரயில் வண்டி திரும்பத் திரும்பத் தடம் புரண்டது. எல்லாம் அவர் பக்கத்தில்தான். ஒவ்வொரு தடவையும் "பல்லு ஒண்ணு ஆடுது சம்பந்தி" என்று சிரிக்கிறார். பல் டாக்டர் அல்லவா, தண்டவாளமும் அவருக்கு ஒரு வாய்தான். புரண்ட பெட்டியின் அடிப்பக்கத்தைப் பார்க்க, நோயாளி வாய்க்குள் விடுகிற அந்தக் குச்சிக் கண்ணாடியை எடுத்து வருகிறார். கொதிக்க வைத்ததுதான் என்கிறார். இருக்கட்டும். எத்தனை வாய்க்குள் போய் வந்ததோ. பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது.

அப்புறம் பிஸ்கட். தண்டவாளத்துக்கு நேர் மேலே கையை நீட்டி பிஸ்கட் தின்கிற மனுஷனை என்ன செய்வது? தூள் விழுந்தால் சக்கரத்துக்கு மின்சாரம் ஏறாது. ஜாடையாக எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. நேராகச் சொல்ல முடியாது. என் மகள் அவர் வீட்டு மருமகள்.

கிளம்பும்போது ஷெட் வாசலில் நின்று சொன்னார்: "டிஜிட்டலுக்கு மாறிடலாமான்னு ஒரு யோசனை சம்பந்தி. ஆனா உங்களக் கேக்காம ஒண்ணும் செய்ய மாட்டேன். சுவிட்சுப் பலகை உங்க கைவேலை. யோசிச்சு நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க. நீங்க வேணாம்னா வேணாம்."

மரியாதையாகப் பேசியே ஒரு ஆளின் தலையில் பாறாங்கல்லை ஏற்றி வைக்கலாம் என்று இன்று தெரிந்துகொண்டேன். "பாப்போம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 3

தூக்கம் பிடிக்கவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகத் தூங்கினேன். காலையில் பல் துலக்கும்போதுதான் எரிச்சல் வந்தது. பல் துலக்கினால் அவர் ஞாபகம் வருகிறது, என்ன கொடுமை.

இருப்பதில் என்ன குறை? அவருடைய கார் ஷெட்டின் மூன்று சுவரையும் ஒட்டி, இடுப்பு உயரத்தில், லாடம் மாதிரி வளைந்து போகிற மேசை. அதன் மேல் தண்டவாளம், மலை, குகை, பாலம். ஒரு முனையில் அவருடைய ஸ்டேஷன், மறுமுனையில் என்னுடையது. நடுவில் அவருடைய கார். அதை வெளியே நிறுத்துங்கள் என்றால் காக்காய் எச்சம் போடும் என்பார். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போக வேண்டுமானால் வயிற்றை எக்கிக்கொண்டு காரைச் சுற்ற வேண்டும். அவருக்கு வயிறு எக்காது.

பழைய முறையில் மின்சாரம் தண்டவாளத்துக்குப் போகும். அதன் மேல் எந்த எஞ்சின் நின்றாலும் ஓடும். அதனால் தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறேன். அவர் பாதி அவர் பலகையில், என் பாதி என் பலகையில். பின்சுவரில், குகைக்கு முன்னால் இரண்டு பாதியும் சேர்கிற இணைப்பு. வண்டி அங்கே வரும்போது அவர் காருக்கு மேலே எட்டி "தரேன்" என்பார். நான் என் குமிழை அதே திசைக்கும் அதே வேகத்துக்கும் திருப்பி, சுவிட்சைப் போட்டுவிட்டு "வாங்கிட்டேன்" என்பேன். ஒருத்தர் தப்பாக வைத்தாலும் வண்டி அங்கே விக்கும். இரண்டு ஆள் இல்லாமல் ஓடாத ரயில்.

டிஜிட்டலில் இந்தக் கூத்து ஒன்றும் கிடையாது. தண்டவாளம் முழுக்க எப்போதும் மின்சாரம். ஒவ்வொரு எஞ்சின் வயிற்றிலும் ஒரு சிப்பு, அதற்கு ஒரு நம்பர். கையில் டிவி ரிமோட் மாதிரி ஒன்று. நம்பரை அழுத்தினால் அந்த எஞ்சின் மட்டும் சொன்ன பேச்சு கேட்கும். யாரும் யாருக்கும் தர வேண்டாம், வாங்க வேண்டாம்.

என் பலகையைக் கழற்றிக் குப்பையில் போட வேண்டியதுதான். நான் உட்கார்ந்து ஒவ்வொரு ஒயராகப் பற்ற வைத்த பலகை.

பிப்ரவரி 6

மனைவியிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டு கிழவங்க பொம்மை ரயில் ஓட்டறதுக்கு எந்தக் கரண்டா இருந்தா என்ன?"

"பொம்மை இல்ல. மாடல்."

"சரி. மாடல் கிழவங்க."

இவளிடம் சொன்னதற்கு என்னைத்தான் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 8, சனி

என் மூக்குக் கண்ணாடிக் கடையை மத்தியானமே மூடிவிட்டு மாடல் கடைக்குப் போனேன். வேண்டாம் என்று சொல்வதானாலும் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும் அல்லவா. கடைக்காரன் வாயைத் திறந்தால் மூடுவதில்லை. ஒரு எஞ்சினை வைத்து ரிமோட்டை அழுத்தினான். முதலில் சத்தம். எஞ்சினுக்குள் நகம் அளவு ஸ்பீக்கராம். எருமை தகர டப்பாவுக்குள் விழுந்தது போல ஒரு உறுமல். "டிரைவர் இருமற சத்தம்கூட இருக்கு சார்" என்று இன்னொரு பொத்தானை அழுத்தினான். இருமியது. சீ. இருமலைக் காசு கொடுத்து வாங்குகிற ஜனங்களும் இருக்கிறார்கள்.

ஆனால் எழுதுவதென்று வந்தபின் உள்ளதை எழுத வேண்டும். அடுத்து அவன் அதை மெதுவாக ஓட்டிக் காட்டினான். அவ்வளவு மெதுவாக ஒரு எஞ்சின் கிளம்பி நான் பார்த்ததே இல்லை. தண்டவாளத்தின் ஒவ்வொரு குறுக்குக் கட்டையாக, யோசித்து யோசித்து நகர்ந்தது. என் குமிழில் என்ன நயமாகத் திருப்பினாலும் முதலில் ஒரு துள்ளு துள்ளித்தான் கிளம்பும். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். என்னைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

வரும்போது கடைக்காரன் ஒன்று சொன்னான்: "பாதி பழசு, பாதி டிஜிட்டல்னு மட்டும் வெக்காதீங்க சார். எஞ்சின் இணைப்பத் தாண்டற நேரம் ரெண்டு கரண்டும் ஒண்ணா ஏறினா சிப்பு கருகிடும். மாத்தறதா இருந்தா பழசை மொத்தமா நிறுத்திட்டுத்தான்."

தலையாட்டிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அவர் ஏற்கெனவே ரிமோட் பெட்டி வாங்கி வைத்திருக்கிறார். "சும்மா, பாக்கறதுக்கு. புடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடலாம்." என் முடிவைக் கேட்டுத்தான் செய்வாராம். கல்யாண மண்டபத்தைப் பிடித்துவிட்டுப் பெண்ணிடம் சம்மதம் கேட்கிற கதை.

மகள் டீ கொண்டு வந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் கதவுப் பக்கம் நின்றாள். "அப்பா" என்றாள். அந்த நேரம் பார்த்து அவர் "தரேன்" என்றார். "கொஞ்சம் இரும்மா, வண்டி வருது" என்றேன். வண்டியை வாங்கி என் ஸ்டேஷனில் நிறுத்திவிட்டுத் திரும்பினால் அவள் இல்லை. டீயில் ஆடை படிந்திருந்தது. ஆடை படிந்த டீ எனக்கு ஆகாது. அவளுக்கும் அது தெரியும்.

பிப்ரவரி 15, சனி

இன்று பார்த்ததை எழுதாமல் இருந்தால் தேவலை.

"கிளினிக்குக்கு வாங்க, ஒரு வேடிக்கை காட்டறேன்" என்றார். போனேன். கடைசி நோயாளி அப்போதுதான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அந்த நாற்காலிக்கு மேல் வெள்ளை விளக்கு. கீழே தட்டில், பஞ்சு மேல், அவருடைய கறுப்பு எஞ்சின் மேல்கூடு இல்லாமல் அம்மணமாகக் கிடந்தது. சிப்பு வைக்க உள்ளே இடமில்லையாம். கையுறை மாட்டிக்கொண்டு, முகமூடி போட்டுக்கொண்டு, பல் குடைகிற அதே கருவியால் எஞ்சினின் அடிச்சட்டத்தைக் குடைய ஆரம்பித்தார். அந்தச் சத்தம். என் கடைவாய்ப் பல்லில் தானாக வலி எடுத்தது. உலோகத் தூளை உறிஞ்ச, எச்சில் உறிஞ்சுகிற குழாயையே வைத்தார்.

"கொஞ்சம் வாயத் தொறந்து வெச்சுக்கோ கண்ணா" என்று எஞ்சினிடம் சொன்னார். தனக்குத் தானே சிரித்துக்கொண்டார். குடைந்த குழியில் சிப்பு அழகாக உட்கார்ந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். கை சுத்தம் அந்த ஆளுக்கு. தடம் புரளாமல் ஓட்டத்தான் தெரியாது.

"உங்க பச்சை எஞ்சினுக்கும் செஞ்சிடலாம். வலிக்காது" என்றார்.

"பாப்போம்" என்றேன். நான் பார்ப்போம் பார்ப்போம் என்று சொல்லியே பார்வை போய்விடும் போலிருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஓட்டினோம். நாலு வார்த்தை பேசவில்லை. மகள் ஷெட் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 20

இன்று கடையில் கூட்டமில்லை. ஒரு பெண்மணிக்குக் கண் சோதனை செய்துகொண்டிருந்தேன். "இது தெளிவா, அது தெளிவா" என்று லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்டால் "ரெண்டும் ஒண்ணுதான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன். எனக்கு மட்டும் என்ன தெளிவாக இருக்கிறது?

பலகை என் கைவேலை, அதனால் டிஜிட்டல் வேண்டாம். பொய். பலகையை எடுத்து வந்து வீட்டில் மாட்டிவைக்கலாம். எஞ்சினைக் குடைவது பாவம். அதுவும் பொய். மெதுவாக ஓடுவதைப் பார்த்து வாயில் ஈ புகுந்தால்கூடத் தெரியாமல் நின்றவன் நான்.

சரி, எழுதிவிடுகிறேன். அந்த ரிமோட் வந்தால் ஒரு ஆளே எல்லா வண்டியையும் ஓட்டலாம். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே. என் முனைக்கு ஆள் தேவையில்லை. ஆள் தேவையில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எந்த முகத்தோடு அந்த வீட்டு மணியை அடிப்பது? மகளைப் பார்க்க வந்தேன் என்றா? வாரா வாரமா? விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். பெண்ணைக் கொடுத்த இடத்தில் காரணமில்லாமல் போய் உட்கார்ந்தால் இரண்டாவது வாரமே "அப்பா எதுக்கு அடிக்கடி வர்றாரு" என்று மாப்பிள்ளை போனிலிருந்து தலையைத் தூக்குவான். போனில் பேசலாமே என்றால், எனக்குப் போனில் பேச வராது. "சாப்பிட்டியா" என்பேன். "சாப்பிட்டேன்" என்பாள். "அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பேன். அவ்வளவுதான் எனக்கும் என் மகளுக்கும்.

ரயில் இருப்பதால்தான் போகிறேன். போனால் டீ கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கிறேன். மெலிந்திருக்கிறாளா, சிரிக்கிறாளா என்று பார்த்துக்கொள்கிறேன். அது போய்விடும். அதுதான் விஷயம். இதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பலகை, ஒயர் என்று ஆயிரம் சாக்கு. தூ.

பிப்ரவரி 23, ஞாயிறு

வருகிற ஞாயிறு சோதனை ஓட்டமாம். அவர் பாதிக்கு மட்டும் டிஜிட்டல் இணைப்பு கொடுப்பார். என் பாதி பழையபடி. கறுப்பு எஞ்சின் அவர் பக்கத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் போகும். "நல்லா இருக்கான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

கடைக்காரன் சொன்னது ஞாபகம் இருந்தது. ஏனோ சொல்லவில்லை. அவர் பக்கத்துக்குள்ளேதானே ஓடப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கறுப்பு எஞ்சின் மெல்லக் கிளம்பியது. அந்த உறுமலோடுதான். டாக்டர் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பெட்டியை மாட்டினார். மேட்டில் ஏற்றினார். பாலத்தைத் தாண்டியது. இணைப்புக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தித் திருப்ப வேண்டும். அவர் நிறுத்தவில்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை பழக்கம். அந்த இடம் வந்ததும் அவர் வாய் தானாகத் திறந்தது. காருக்கு மேலே எட்டி "தரேன்" என்றார்.

என் பக்கத்துச் சுவிட்ச் போட்டிருந்தது. என் விரல் அதன் மேலேயே இருந்தது. அணைக்க நேரம் இருந்தது. "நிறுத்துங்க" என்று கத்தவும் நேரம் இருந்தது.

"வாங்கிட்டேன்" என்றேன்.

எஞ்சினின் முன்சக்கரம் இணைப்பைத் தாண்டியது. ஒரு பொறி. உறுமல் பாதியில் அறுந்தது. அப்புறம் கருகிய வாசனை. கார் ஷெட் முழுக்க அதுதான்.

அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். எக்காத வயிற்றை எக்கிக்கொண்டு காரைச் சுற்றி வந்து எஞ்சினைத் தூக்கினார். சூடு தாங்காமல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "என் தப்புதான் சம்பந்தி. பழக்க தோஷத்துல குடுத்துட்டேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார். என் பலகைக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று அவர்தான் குனிந்து பார்த்தார்.

"இல்ல" என்றேன்.

அந்த வாசனை சட்டையில் இருக்கிறது. குளித்தும் போகவில்லை. சட்டையைத் துவைக்கப் போட்டால் இவள் கேட்கிறாள், எதைக் கொளுத்தினீங்க என்று.

மார்ச் 3

சட்டையை இன்னொரு தடவை சோப்புப் போட்டு நானே துவைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

ரிமோட் பெட்டியை அட்டைக்குள் வைத்து அலமாரி மேலே ஏற்றிவிட்டார். "அவசரப்பட்டேன். ஆழம் தெரியாம கால விட்டுட்டேன். இனிமே இது உங்க முடிவுதான், நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றார். பல் டாக்டர் வாயே திறக்க மாட்டேன் என்கிறார், நான் சிரிக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை.

ஜெயித்துவிட்டேன். இதுதானே வேண்டியிருந்தது? பழைய முறை, இரண்டு ஆள், ஞாயிற்றுக்கிழமை. எல்லாம் பத்திரம். பின்னே ஏன் புழுத்த கொட்டையைக் கடித்த மாதிரி இருக்கிறது?

மகள் "போறதுக்கு முன்னாடி உள்ள வந்துட்டுப் போங்கப்பா" என்றாள். அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பி வந்துவிட்டேன். எதைக் காப்பாற்ற அந்த அயோக்கியத்தனம் செய்தேனோ, அதைப் பார்க்காமலே வந்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று அவள் டீ கொண்டு வரவில்லை. நேரே ஷெட்டுக்குள் வந்து, காரைச் சுற்றி, என் பலகைக்கும் எனக்கும் நடுவில் நின்றாள். சின்ன வயதில் கோபம் வந்தால் இப்படித்தான் டிவிக்கு முன்னால் நிற்பாள்.

"மாமா, வண்டிய நிறுத்துங்க. நான் அப்பாகிட்ட பேசணும்."

சம்பந்தி நிறுத்தினார். நிறுத்திவிட்டு, எனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று முனகிக்கொண்டு வெளியே போனார். அவருக்கு விஷயம் தெரியும் என்று அப்போதே பட்டது.

மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் வேலை. பெரிய வேலை. இவளுக்கும் அங்கேயே கிடைத்துவிட்டது. மே மாதம் போகிறார்கள். ரயிலில் போனால் ஒரு பகலும் ஒரு ராத்திரியும். பொம்மை ரயில் இல்லை, நிஜ ரயில்.

"எப்ப முடிவாச்சு?"

"ஜனவரியிலயே. அம்மாவுக்குத் தெரியும். ‘அப்பாகிட்ட நீயே சொல்லு, நான் சொன்னா உடைஞ்சு போயிடுவாரு’ன்னாங்க. நானும் ஒவ்வொரு வாரமும் டீய எடுத்துட்டு வந்து நிக்கறேன். வண்டி வருது வண்டி வருதுங்கறீங்க. இத்தன நாளா இந்த வீட்டுக்கு வர்றீங்களே, என்கூட என்னப்பா பேசியிருக்கீங்க?"

நான் என்ன சொல்ல? உன்னைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். தொண்டை வரை வந்தது. "டீ நல்லா இருக்கும்" என்றேன். முட்டாள். முழு முட்டாள்.

அவள் சிரித்துவிட்டாள். கண் கலங்கியபடியே. அப்புறம், போகிறபோக்கில்தான் சொன்னாள்: "மாமாதான் பாவம். அத்தையும் தவறிட்டாங்க, நாங்களும் போறோம். ‘நீ போனப்புறம் உங்கப்பா எதுக்கும்மா இங்க வரப்போறாரு, ஒத்தையாளா ஓட்டக் கத்துக்கணும்’னு சொல்லிட்டுத்தான் அந்த ரிமோட்ட வாங்கினாரு. அதுல ஓடற எஞ்சினும் எரிஞ்சு போச்சாமே."

பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடிக்க வேறு எதுவும் கிடைக்கவில்லை.

மார்ச் 17

மனைவியிடம் கத்தினேன். தெரிஞ்சுகிட்டே என்கிட்ட மறைச்சியா, ஜனவரியிலேர்ந்து மறைச்சியா. கத்தி முடிக்கும்வரை துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்:

"ஊருக்கெல்லாம் பார்வை பாக்கறீங்க. உங்க மக வாரா வாரம் உங்க முன்னாடி வந்து நின்னா தெரியல. அதுக்கு நான் என்ன பண்ண?"

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு மூஞ்சியே தெரியவில்லை.

அந்த ஆள் தனியாகிவிடப் போகிறோம் என்று பயந்து ஒரு பெட்டியை வாங்கியிருக்கிறார். என்னிடம் சொல்ல அவருக்கும் வெட்கம். மருமகளே சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டு, "உங்க முடிவுதான் சம்பந்தி" என்று என்னிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டிருக்கிறார். அதை நம்பி ஓடிய எஞ்சினை நான் கருக்கினேன். என்னை நினைத்தால் எனக்கு வாந்தி வருகிறது. இது எழுத்துக்காக எழுதுவது இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன். வண்டி எதுவும் ஓடவில்லை. இரண்டு பேரும் காரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டிருந்தோம்.

"சம்பந்தி, அன்னிக்கு எரியும்னு எனக்குத் தெரியும். கடைக்காரன் சொல்லியிருந்தான். அணைச்சிருக்கலாம். அணைக்கல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் செய்து கொடுத்த கண்ணாடி. எவ்வளவு நேரம் துடைத்தார் என்று தெரியவில்லை.

"கடைக்காரன் எனக்கும்தான் சொன்னான்" என்றார். "வாய் தவறி தரேன்னு சொன்னதும் எனக்கும் திக்னுதான் ஆச்சு. நிறுத்தப் போனேன். நீங்க வாங்கிட்டேன்னீங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும்னு விட்டுட்டேன்."

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு அறை விட்டிருந்தால் இன்னும் நல்லது. உள்ளே போய் பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து நீட்டினார். தின்றேன். மண்ணைத் தின்பது மாதிரி இருந்தது.

ஏப்ரல் 12, சனி

மகள் வீட்டில் சாமான் கட்டுகிறார்கள். நானும் போனேன், ஷெட் பக்கம் போகவில்லை. அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டினேன். மகளும் நானும் ஒரே பெட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றினோம். அவள் ஆபீஸ் கதை சொன்னாள். அவளுடைய மேலதிகாரி ஒரு அற்பன் என்று தெரிந்துகொண்டேன். அவனை எனக்குப் பார்க்காமலே பிடிக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது.

மே 4, ஞாயிறு

மகளையும் மாப்பிள்ளையையும் ரயில் ஏற்றிவிட்டு வந்தோம். மாப்பிள்ளை அன்று மட்டும் போனைப் பையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினான். நல்ல பையன்தான். வண்டி கிளம்பியபோது துள்ளவே இல்லை. நயமாக நகர்ந்தது.

மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சம்பந்தி பிளாட்பாரத்தின் கடைசி வரை நடந்தார். திரும்பி வரும்போது "மூணாவது பெட்டி லேசா ஆடுது" என்றார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் இரண்டு பேருக்கும் அசிங்கமாகிவிடும்.

மே 11, ஞாயிறு

போகவில்லை. எந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டு போவது? மகள் இல்லாத சம்பந்தி வீடு. வீட்டில் உட்கார்ந்திருந்தேன். குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. குழாயைச் சரி செய்தேன். அப்புறம் சொட்டாத சத்தம் கேட்டது.

"போன் பண்ணி முடிவச் சொல்லுங்களேன்" என்றாள் மனைவி. "பாவம், அவரு அந்த ரிமோட்ட வெச்சுக்கிட்டாவது ஓட்டட்டும். நீங்க வேணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. மனுஷன் உங்க வார்த்தைக்காகக் காத்துக்கிட்டு இருப்பாரு."

சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிற ஆள்தான். காத்துக்கொண்டுதான் இருப்பார்.

மே 14

போன் செய்தேன். எனக்குப் போனில் பேச வராது என்பதால் முதலிலேயே விஷயத்துக்கு வந்தேன்.

"சம்பந்தி, யோசிச்சுட்டேன். டிஜிட்டல் வேணாம்."

"சரி சம்பந்தி. உங்க முடிவுதான்" என்றார். குரல் கிணற்றுக்குள் போயிருந்தது.

"இருங்க, முடிக்கல. அது வந்தா ஒத்த ஆளே ஓட்டிடலாம். அதனாலதான் வேணாங்கறேன். ஞாயித்துக்கிழம வரேன்."

"மருமக இல்லையே சம்பந்தி."

"எனக்குத் தெரியாதா? என் மக தானே."

அவர்தான் முதலில் வைத்தார். வைப்பதற்கு முன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நல்ல வேளை, என்னுடையது அவருக்குக் கேட்டிருக்காது.

மே 18, ஞாயிறு

போனேன். பொம்மை ரயில் ஓட்ட இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டு கதவைத் திறக்கிறார். பெண் பார்க்க ஆள் வருகிற வீட்டுக்காரர் மாதிரி. பார்க்கச் சகிக்கவில்லை. கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு வைத்திருந்தார், ஏதோ பத்துப் பேர் வரப்போவதுபோல். நாங்கள் இரண்டு பேரும் அவற்றைத் தாண்டி ஷெட்டுக்குப் போனோம்.

கறுப்பு எஞ்சினிலிருந்து கருகிய சிப்பை எடுத்துவிட்டு பழையபடி ஒயர் கொடுத்தேன். அவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓடியது. துள்ளித்தான் கிளம்பியது. சாயங்காலம் வரை ஓட்டினோம். அவர் பக்கத்தில் எத்தனை தடவை புரண்டது என்று எண்ணவில்லை.

நடுவில் மகள் போன் செய்தாள்.

"எங்கப்பா இருக்கீங்க? வீட்டுக்குப் பண்ணினேன், நீங்க இல்லன்னு அம்மா சொன்னாங்க."

"உன் வீட்டுலதான்."

"நான் இல்லாத வீட்டுல உங்களுக்கு என்னப்பா வேலை?"

"இங்க ஒரு ஆள் தேவைப்படுது" என்றேன். அப்புறம் அவளுடைய அந்த அற்ப மேலதிகாரியைவிட புது ஆபீஸில் இருப்பவன் மேலா என்று கேட்டேன். இவன் அவனுக்கு அண்ணனாம். முழுக் கதையையும் சொன்னாள். காது சூடாகும்வரை கேட்டேன். அம்மாவிடம் கொடுக்க அங்கே அம்மா இல்லை.

நான் வைக்கும்வரை சம்பந்தி வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு உள்ளே போய் அவரே காப்பி போட்டுக் கொண்டு வந்தார். பால் பொங்கி அடிப்பிடித்திருக்கிறது, சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருக்கிறார், பொடி தொண்டையில் நெறநெறவென்று நிற்கிறது. என் ஆயுளில் இவ்வளவு கேவலமான காப்பியைக் குடித்ததில்லை. இன்னொரு கப் கேட்டு வாங்கிக் குடித்தேன்.